குனியப்பரும் நானும்

ஈப்போ ஜெலாப்பாங்கில் என் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி வீடியோ கடை வைத்திருக்கும் செல்வம், போன வாரம் ஒரு வாடிக்கையாளரைக் கையோடு அழைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, இவரு குனியப்பர் படம் வேணுங்குறாரு. கௌபாய் படமாம். கடையில ஒரு அலமாரி பூரா கௌபாய் இருக்கு. எல்லாம் ஹீரோ பேர்லதான் அடுக்கியிருக்கேன். குனியப்பர்னு எந்த வெள்ளைக்காரனும் இல்லலா."

வாடிக்கையாளர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது இங்கே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பொறுமையாக விளக்கினார். "ஹீரோ எவனா இருந்தா என்னா. சுட ஆரம்பிச்சா மேசைக்கு அடியில போவாரே, மொட்டத் தல, அவரு இருந்தா போதும்."

செல்வம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். எந்த டேப்பில் யார் சாவார், யார் குனிவார் என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி செல்வம் கேட்டார். பட்டியலைக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் எழுத முடியாமல் போனது இது.

நான் செய்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. கம்பெனிப் பதிவில் 'உதவியாளர்' என்று இருந்தது. ஈப்போவில் இருந்த ஒரு சின்னப் படக் கம்பெனி, வேனில் புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு பேராக் மாநிலம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டும். தமிழ்ப் படம் கிடைத்தால் தமிழ்ப் படம். கிடைக்காத மாதம் கௌபாய் படம். தமிழ்ப் படம் பெரும்பாலும் கிடைக்காது. கௌபாய்கள் ஆங்கிலத்தில் பேசிச் சாவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல மைக்கோடு ஓர் ஆள் வேண்டும். அது நான். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் வீடியோ வந்து, தலைமுடி நரைக்கும் முன்பே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. ஓய்வூதியம் கிடையாது, ஓய்வு மட்டும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாகான் செராயில் பள்ளிக்கூடம் போய் ஐந்தாம் படிவம் முடித்தேன். ஊர் நூலகத்தில் இருந்த தமிழ்ப் புத்தகங்களை இரண்டு சுற்று படித்துவிட்டு, இலக்கியம் எனக்காகக் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். பஸ் நிலையத்தில் இலக்கியம் வந்து நிற்கவில்லை. படக் கம்பெனிதான் போஸ்டர் ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் பசை வாளி. பிறகு, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் கல்யாணம் செய்துகொண்டு சித்தியவானுக்குப் போய்விட, மைக் என் கைக்கு வந்தது.

என் மேலதிகாரி ஆப்பரேட்டர் தங்கவேலு அண்ணே. சேறும் புல்லுமான தோட்டத்துத் திடலுக்கு, மடிப்புக் கலையாத முழுக்கால் சட்டை, வெள்ளை சிலுவார், போட்டு வருவார். திரும்பும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பேச்சு மிகக் குறைவு. கையில் ஒரு டார்ச் லைட் வைத்திருப்பார். நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். டார்ச் வெளிச்சம் என் முழங்காலில் விழும். ஒரு முறை விழுந்தால், பேசு. இரண்டு முறை என்றால், வாயை மூடு. மூன்று முறை விழுந்தால், நீ சொல்வது ஒன்று, படத்தில் நடப்பது வேறொன்று. நான் பேசும்போது இடது கையால் ஆங்கிலச் சத்தத்தைக் குறைப்பார், துப்பாக்கி வெடிக்கும்போது ஏற்றிவிடுவார். "துப்பாக்கி பேசுறப்ப நீ பேசாத. அதுக்கு வெளக்கம் வேணாம்" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் முழு வாக்கியம்.

இன்னும் மூன்று வாக்கியங்கள் சொன்னார், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதத்தில். ஒருவன் திரையில் முதல் தடவை வரும்போதே அவனுக்குப் பெயர் வைத்துவிடு, வைத்த பெயரை மாற்றாதே. நடக்கப்போவதை ஒரு மூச்சுக்கு முன்னால் சொல். பின்னால் சொன்னால் அது வெறும் செய்தி. கண் பார்ப்பதை வாய் மாற்றக் கூடாது. இந்த மூன்றையும் கட்டளையாகவே எடுத்துக்கொண்டேன். மூன்றாவதைத்தான் பின்னால் கொஞ்சம் வளைத்தேன், அதனால்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளைத் துணியைக் கால்பந்துக் கம்பங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டுவோம். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் உட்காருவார்கள். அவர்களுக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும். அமெரிக்காவில் அத்தனை பேருக்கும் இடக்கைப் பழக்கம் என்று ஒரு தோட்டத்தில் பாதிச் சனம் பல வருடம் நம்பியிருந்தது. முன்பக்கத்தார் மறுத்ததில் தொழிலாளர் லயத்தில் இரண்டு வீடுகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒரு படத்துக்கு மூன்று ரீல். எங்கள் வேனில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாற்றும் ஐந்து நிமிடமும் சனம் எழுந்து போகாமல் பேசியே பிடித்து வைப்பது என் பொறுப்பு.

படத்தில் வரும் ஊர்களையெல்லாம் நான் தோட்டமாக்கிவிட்டேன். மாட்டுப் பண்ணை, தோட்டம். அதன் முதலாளி, தொரை. மேஸ்திரி, மண்டோர். குடித்துக்கொண்டே வைத்தியம் பார்க்கும் டாக்டர், டிரசர். சண்டை நடக்கும் மதுக்கடை, கள்ளுக்கடை. யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை.

சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். படத்துக்குப் படம் ஹீரோக்கள் மாறினார்கள். சுற்றியிருந்தவர்கள் மாறவில்லை. அதே பத்துப் பன்னிரண்டு முகங்கள், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. கழுத்து நீண்ட ஒருவர் எல்லாப் படத்திலும் முதல் ரீலிலேயே சுடப்பட்டுச் சாவார். அவருக்கு 'மொத ரீலு' என்று பெயர் வைத்தேன். உயிரோடு இருப்பவர்களைக்கூடச் சவப்பெட்டிக்கு அளவு பார்க்கும் கறுப்புக் கோட்டு ஆசாமி, 'அளவுக்காரர்'. வில்லன்கள் ஊருக்குள் வரும் அன்று மட்டும் வெளியூரில் அவசர வேலை வந்துவிடும் குண்டு ஷெரிப், 'லீவு போலீஸ்'. இவர்களின் உண்மைப் பெயர்கள் எனக்கு இன்றுவரை தெரியாது. பெயர்கள் படத்தின் கடைசியில் வரும். அதற்குள் சனம் பாயைச் சுருட்டியிருக்கும், தங்கவேலு அண்ணே விளக்கை அணைத்திருப்பார்.

இவர்கள் நடிகர்கள் என்பதைச் சனம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 'மொத ரீலு' வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "போன மாசந்தான் கொன்னாங்க. திரும்பவும் அங்கயே போறான் பாரு. சொன்னாக் கேக்குறானா."

எல்லாரிலும் செல்லப்பிள்ளை கள்ளுக்கடை ஆள். முன் வழுக்கை, துருத்திய கண், பென்சில் கோடு மாதிரி மீசை, சட்டைக் கை நழுவாமலிருக்க மேல்கையில் ஒரு வளையம். முதல் துப்பாக்கி உருவப்படும் முன்பே மேசைக்கு அடியில் போய்விடுவார். சத்தம் அடங்கியதும் ஒரு கண் மட்டும் மேலே வரும். அவர்தான் குனியப்பர். இரண்டாவது கட்டளைப்படி நான் ஒரு மூச்சு முன்னால், "குனியப்பர்... தயாராகுறாரு" என்பேன். திடலில் இருக்கும் அத்தனை பேரும், கைக்குழந்தைக்காரிகள் உட்பட, ஒரே நேரத்தில் குனிவார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவர்களும் குனிவார்கள். ஒற்றைச் சொல்லுக்கு முந்நூறு முதுகு வளைவதைப் பார்த்த எனக்குத் தலை எங்கே இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் தாப்பாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமன் முத்து, எனக்கு ஒரு பெண் பார்த்திருப்பதாக வந்தார்.

"பொண்ணு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர். பேரு வசந்தா. அப்பா சபாபதி, பெரிய கிராணி. தோட்டத்து ஆபிசே அவரு கையிலதான்" என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். நாங்கள் மாதாமாதம் படம் காட்டும் தோட்டம்.

"அங்க எனக்கு நல்ல பேரு மாமா."

"ஒன்னப் பத்தி படக் கம்பெனி ஆபிசர்னு சொல்லி வெச்சிருக்கேன். அங்க வந்து ரொம்ப வெளக்கிறாத."

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். மாமா கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் குனியப்பர்.

முன் வழுக்கை. துருத்திய கண். பென்சில் மீசை. மை ஒட்டாமலிருக்கச் சட்டைக் கையை ஏற்றி, மேல்கையில் ரப்பர் வளையம் போட்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம். நிறம் மட்டும்தான் வேறு. பழக்கதோஷத்தில் என் முதுகு தானாக வளைந்தது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் படக் கம்பெனி ஆட்கள் படம் காட்டும் நாளில் இருட்டப்போகும் நேரத்தில் வந்து, மண்டோரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள். அதனால் இதுவரை அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அதே சமயம் சைக்கிளில் போன ஒருவர், "வணக்கம் கிராணி" என்று சொல்லிவிட்டு, தலையைக் கைப்பிடிக்குக் கீழே கொண்டுபோய் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தார். சபாபதி கிராணியின் காது சிவந்தது.

"உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். "பாத்தீங்களா. இருவத்திரெண்டு வருசமா இந்தத் தோட்டத்துல வேல செய்றேன். இப்ப நான் யாருன்னு தெரியுமா? மாசா மாசம் ஒருத்தன் மைக்கத் தூக்கிக்கிட்டு வாரான். மூஞ்சி தெரியாது. நான் திடலுக்குப் போறதில்ல. ஆனா கொரலு இந்த மேட்டு வீடு வரைக்கும் கேக்கும். அந்தக் கொரல மட்டும் எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிருவேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி கம்பெனியில என்ன வேல?"

நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். முத்து மாமா லாரி ஓட்டுகிறவர். குறுக்கே ஆடு வந்தால் திருப்பத் தெரிந்தவர்.

"தொண்ட கட்டிருச்சு. ரெண்டு நாளா பேச்சே இல்ல. வேல வந்து ஆபிஸ் வேலலா. சத்தமே இல்லாத வேல."

முக்கால் மணி நேரம் ஊமையாக இருந்தேன். கேள்வி வரும்போதெல்லாம் தலையாட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் விழித்திருந்து பேசாமல் இருந்ததில்லை. பசியாறிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் குழாயடிக்குப் போனபோது வசந்தா துண்டோடு நின்றாள்.

"தொண்ட சரியாயிருச்சா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

"சும்மா இருங்க. சுவத்துல இருந்த படத்த ஒங்க மாமாவுக்கு கையாலயே வெளக்கிக்கிட்டு இருந்தீங்க. மைக்கு ஒண்ணுதான் கொறச்சல்."

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன், மிகச் சின்னக் குரலில்.

"உள்ள வந்து உக்காந்ததுமே. நான் திடல்ல மொத வரிசையில உக்காந்து பாக்குறவ. ரீல் மாத்த வெளக்குப் போடுறப்ப திரும்புனா ஒங்க மூஞ்சிதான்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒங்களுக்குத் தெரியாது. காலையில பெரட்டுல, வேலைக்குப் போற ஆளுங்கள நிக்க வெச்சு, அப்பா பேர் கூப்புடுவாரு. போன வாரம் பேனா கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சாரு. நின்ன அத்தன பேரும் குனிஞ்சாங்க. மண்டோரும் குனிஞ்சாரு. அப்பா பேனாவ எடுக்காமயே உள்ள போயிட்டாரு. வேற தோட்டத்துக்கு மாத்தல் கேட்டு எழுதி டிராயர்ல வெச்சிருக்காரு. மாசக் கடைசியில அனுப்பிருவாரு."

நான் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்தேன்.

"அடுத்த படத்துல அவர நிமித்துங்க. நிமிந்தாத்தான் நம்ம கல்யாணப் பேச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நிமிர்த்துவது என்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஈப்போவில் கம்பெனிக் கிடங்கில் இருந்த கௌபாய் படங்களையெல்லாம் பகலில் சுவரில் போட்டுப் பார்த்தேன். தங்கவேலு அண்ணே ஓட்டினார். விஷயத்தை முழுக்கச் சொன்னேன். இரண்டு படத்தை ஓட்டி முடித்தார். பிறகு, "பொண்ணு எப்புடி?" என்றார். சொன்னேன். மூன்றாவது படத்தை ஏற்றினார்.

எல்லாப் படத்திலும் குனிந்தார். ஒன்றில் நீதிபதியாக வந்தார். எனக்கு நம்பிக்கை பிறந்தது. நீதிமன்ற மேசைக்கு அடியில் போனார். ஒன்றில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தார். ஜன்னலுக்குக் கீழே போனார். ஒன்றில் பாதிரியார், மேடைக்குப் பின்னால் போனார். ஒரே ஒரு படத்தில் குனியவில்லை. இரண்டாவது நிமிடத்தில் குண்டு பட்டுச் செத்தார்.

"இத வேணா போடலாமா" என்றார் தங்கவேலு அண்ணே. "நிமிந்துதான் இருக்காரு."

"மாமனாரக் கொன்னுட்டுப் பொண்ணு கேக்க முடியுமாண்ணே."

அன்றைக்குக் கிடங்கிலிருந்து எதிர்க் காப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் அது தோன்றியது. கண் பார்ப்பதை வாய் மாற்றக் கூடாது. ஆனால் மேசைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை எந்தப் படத்திலும் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. அந்த இடம் காலி மனை. நான் கட்டிக்கொள்ளலாம்.

குனியப்பர் அதிக நேரம் வரும் படமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முதல் இரண்டு ரீலையும் நாலு முறை பார்த்துக் குறிப்பெடுத்தேன். மூன்றாவது ரீல் பாகான் செராய் பக்கம் போயிருந்த எங்கள் இன்னொரு வேனில் மாட்டிக்கொண்டிருந்தது. காட்டும் அன்று மாலைதான் தாப்பாவில் கை மாறியது. கடைசி ரீலில் ஹீரோ ஜெயிப்பான், வேறென்ன நடந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சபாபதி கிராணி திடலுக்கு வந்தார். வசந்தா எப்படியோ பேசி அழைத்து வந்திருந்தாள். ஆபிஸ்காரர்களுக்கு நாற்காலி போடுவது புரொஜெக்டருக்குப் பக்கத்தில்தான் வழக்கம். என் முக்காலிக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்தார். புரொஜெக்டர் வெளிச்சம் என் முகத்தில் பாதியைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் மைக்கைத் தட்டி, "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து போகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முதல் துப்பாக்கி உருவப்படும் நேரம் வந்தது. சனம் குனியத் தயாரானது. நான் ஒரு மூச்சு முன்னால் சொன்னேன். "நில்லுங்க. குனியப்பர் ஏன் குனியுறார்னு இன்னிக்குத்தான் தெரியப் போகுது. அந்த மேசைக்கு அடியில, தாய் தகப்பன் இல்லாத மூணு பிள்ளைங்கள அவரு ஒளிச்சு வெச்சிருக்காரு. குண்டு பட்டா என் முதுகுல படட்டும்னு குனியுறாரு."

யாரும் குனியவில்லை. மேசை துப்பாக்கிக் குண்டில் அதிர்ந்தது. பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். என் முழங்காலில் டார்ச் மூன்று முறை விழுந்தது. நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் முழுப் பொறுப்பு. இரண்டாவது சண்டையில் பிள்ளைகள் ஐந்தாகிவிட்டார்கள். மூன்றாவது சண்டையில் அவர்களுக்குக் குனியப்பர் கஞ்சி ஊற்றினார். இரண்டாவது ரீல் முடிவதற்குள், ஜெயிலில் இருந்த அவர்களின் அப்பாவை மீட்க மேசைக்கு அடியிலிருந்து ஒரு சுரங்கமும் தோண்டிக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அப்பா எப்படி வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு தடவை கீழே போகும்போதும் திடலில் கைதட்டல். ஆட்கள் திரும்பி, கிராணியை மரியாதையோடு பார்த்தார்கள். வசந்தாவைத் தேடினேன். அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். அஞ்சலை என்ற ரப்பர் பால்வெட்டுக்காரி எழுந்து, "அந்தப் பிள்ளைங்கள எப்பக் காட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"கடைசி ரீல்ல" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

தங்கவேலு அண்ணே புது ரீலை மாட்டிக்கொண்டே என் காதோரம் குனிந்தார். "எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. பழைய படம். இந்த ரீல் ஆரம்பத்துலயே அந்தக் கள்ளுக்கடைக்குத் தீ வெக்கிறானுங்க. மேச எரிஞ்சு சாம்பலாகுது. கிட்டத்துல காட்டுவான்."

இன்னும் ஐந்து நிமிடத்தில் முந்நூறு பேர் கண் முன்னால் ஐந்து அனாதைப் பிள்ளைகள் எரியப் போகிறார்கள். அவர்களைப் பெற்றவன் நான்.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார் கிராணி.

"அந்தக் கள்ளுக்கடை ஆளு இங்கிலீஷ்ல என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும்" என்றார் தாழ்ந்த குரலில். "'எனக்குத் துப்பாக்கி புடிக்கத் தெரியாது. தரையில படுக்கத் தெரியும்'னான்."

"ஆமா சார்."

"தொண்ட தேவலையா?"

"தேவல சார்."

"இருவத்திரெண்டு வருசமா செக்ரோல் எழுதுறேன். வராத ஆள வந்தான்னு ஒரு நாள் எழுதினதில்ல. நீ ஒண்ணே கால் மணி நேரத்துல அஞ்சு பிள்ளையப் பதிஞ்சிருக்க."

"தப்புதான் சார். இப்ப அதுங்க எரியப் போகுது."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். துருத்திய கண். பிறகு கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்தேன். வேறு வழி தோன்றவில்லை.

"நான் கிராணி பேசுறேன்" என்றார். பெரட்டில் பேர் கூப்பிடும் அதே குரல். திடலில் பேச்சு நின்றது. "மேசைக்கு அடியில பிள்ளைங்க யாரும் இல்ல. சொரங்கமும் இல்ல. இந்தத் தம்பி சொன்னது பொய்."

கூட்டம் முணுமுணுத்தது. "அப்ப எதுக்குக் குனியுறாரு?" என்று ஒரு குரல்.

"பயத்துல குனியுறான். வேற என்ன. சுட்டாக் குனியணும். குனியாதவனத்தான் மொத ரீல்ல பாத்தீங்களே." ஒரு சிரிப்பு எழுந்தது; அவர் அதைக் கண்டுகொள்ளாமல் தொடர்ந்தார். "ஹீரோ மாசா மாசம் மாறிக்கிட்டே இருக்கான். போன மாச ஹீரோ எங்க? தெரியாது. இவன் மட்டும் எல்லாப் படத்துலயும் இருக்கான். இந்தத் தோட்டத்துல நான் வந்த பெறகு ஆறு தொரை மாறியாச்சு. எல்லாம் சத்தம் போட்டாங்க, மேசையத் தட்டுனாங்க, போயிட்டாங்க."

அஞ்சலை விடவில்லை. "அப்ப நீங்க ஆபிஸ்ல தொரை முன்னால குனியுறதும் அதானா கிராணி?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா அஞ்சலை" என்றார் அவர். "பின்ன நீ எதுக்குன்னு நெனச்ச?"

அப்படி ஒரு சிரிப்பை அந்தத் திடல் அதற்கு முன் கேட்டதில்லை. திரைக்குப் பின்னால் இருந்தவர்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க முன்பக்கம் ஓடி வந்தார்கள். யாரும் குனியவில்லை; எல்லாரும் அவரை நேராகப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் பென்சில் மீசைக்கு அடியில் சிரித்தார். தங்கவேலு அண்ணே விளக்கை அணைத்து ரீலை ஓடவிட்டார். டார்ச், என் முழங்காலைத் தாண்டி, கிராணியின் முழங்காலில் ஒரு முறை விழுந்தது.

மூன்றாவது ரீல் முழுக்க அவரே சொன்னார். விளக்கமா அது. பெயர் கூப்பிட்டது போலத்தான் இருந்தது. "இவன் வந்துட்டான். இவன் செத்தான். இவன் லீவு." கள்ளுக்கடை தீப்பிடித்தது. ஹீரோ எரியும் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். படம் தெருவைக் காட்டியது. எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்து, எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார் குனியப்பர்.

"பாத்துக்கங்க" என்றார் கிராணி. "ஆளு வெளிய இருக்கான்."

விசில் பறந்தது.

படம் முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கிராணி மைக்கைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நீ அந்த வேலையத்தான் செய்றேன்னு ஒங்க மாமா சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருக்க மாட்டீங்க சார்."

"விட்டிருக்க மாட்டேன்தான்." வயரின் மறுமுனையை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம வா. மாமா இல்லாம வா. வந்து பேசு."

போனேன். அவர் எதிரே உட்கார்ந்து என் பிறப்பிலிருந்து ஆரம்பித்தேன். பாகான் செராய், நூலகம், பசை வாளி, கம்பெனி, தங்கவேலு அண்ணே, சிலுவார், எதிர்காலத் திட்டங்கள், திட்டங்கள் பலிக்காவிட்டால் இருக்கும் மாற்றுத் திட்டங்கள். ஒன்றிலும் பொய் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய இடங்கள் பல இருந்தன. அவர் நடுவில் எழுந்து உள்ளே போனார். டிராயர் திறக்கும் சத்தமும் காகிதம் கிழியும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார். நான் எங்கள் பரம்பரையின் நோய்கள் பற்றிய பகுதியில் இருந்தேன்; அதை முடிக்காமல் விடுவது நேர்மையில்லை என்று பட்டது. அவர் இன்னொரு தடவை எழுந்து, வாசலில் போய் நின்றுகொண்டார். நான் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தொடர்ந்தேன்.

கடைசியில் வசந்தா சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"போதும், நிறுத்துங்க" என்றாள். "அப்பா சரின்னு சொல்லி அர மணி நேரமாச்சு."